நாய்க்கும் பெயர் வெட்டலாம்

எவர்சில்வர் பாத்திரம் வாங்கினால் கடையிலேயே பெயர் வெட்டி வாங்கி வருகிறோம். கல்யாண வீட்டுக்கு இரவல் போனாலும் நம்முடைய அன்னக்கூடை நம்மிடமே திரும்பி வர வேண்டும் என்றுதானே? பிள்ளை மாதிரி வளர்க்கிற நாய்க்கு மட்டும் அந்த ஏற்பாடு வேண்டாமா என்று கேட்டால், "அதான் கழுத்துல பட்டை கட்டியிருக்கோமே" என்பார்கள்.

பட்டை கழன்று போகும், சகோதரிகளே! சென்னையில் இருக்கும் என் நாத்தனார் வீட்டு மணி, 2023 தீபாவளியன்று வெடிச் சத்தத்தில் மிரண்டு, பட்டையை உருவிக்கொண்டு ஓடிவிட்டது. மணிக்கு வலிப்பு உண்டு. காலையும் இரவும் மாத்திரை கொடுத்தாக வேண்டும். திடீரென்று நிறுத்தினால் ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாத்திரை டப்பாவும் கையுமாக நாத்தனார் தெருத்தெருவாக அலைந்ததை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

நல்லவேளை, மணிக்கு மைக்ரோசிப் போட்டிருந்தார்கள். யாரோ ஒரு புண்ணியவதி அதற்குத் தண்ணீர் வைத்து, மறுநாள் கால்நடை டாக்டரிடம் கூட்டிப் போயிருக்கிறாள். அவர் கருவியை முதுகின் மேல் காட்டியதும் நம்பர் வந்துவிட்டது. ஆனால் அந்த நம்பருக்கு நேரே பதிவாகி இருந்ததோ நாத்தனாரின் பழைய போனும் பழைய வீடும்! அங்கே ஆள் போய், பக்கத்து வீட்டாரிடம் விசாரித்து, மணி வந்து சேர மூன்றாம் நாள் ஆகிவிட்டது. அதற்குள் இரண்டு முறை வலிப்பு வந்து துவண்டு கிடந்தது. பிழைத்ததே பெரிய காரியம்.

"வாயில்லா ஜீவனோட உடம்புக்குள்ள எதையோ வைக்கிறதா?" என்று என் மாமியார் அங்கலாய்த்தார். "பச்சை குத்துற வலிகூட இல்லை, அத்தை" என்றேன். அரிசி அளவுக் கண்ணாடிக் குப்பி அது. சற்றுத் தடித்த ஊசியால் தோள்பட்டைகளுக்கு நடுவே, தோலுக்கு அடியில் செலுத்துகிறார்கள். மயக்க மருந்து தேவையில்லை. தடுப்பூசி போடுகிற நேரம்தான் ஆகும். அதில் பாட்டரி கிடையாது. ஸ்கேனரை அருகில் கொண்டு போனால் 15 இலக்க எண்ணைக் காட்டும். அவ்வளவே! நாய் எங்கே சுற்றுகிறது என்று செல்போனில் காட்டும் என நினைப்பது தவறு.

இங்கிலாந்தில் எட்டு வாரம் தாண்டிய நாய்களுக்கு 2016 முதல் இது கட்டாயம். சென்னை மாநகராட்சியும் 2025-ல், வளர்ப்பு நாய்களுக்கு லைசென்ஸுடன் மைக்ரோசிப்பும் கட்டாயம் என்று அறிவித்தது. அபராதத்துக்குப் பயந்து போட்டுவிட்டு, சீட்டை பீரோவில் பூட்டி வைத்தால் என்ன பிரயோஜனம்? சிப்பில் இருப்பது வெறும் எண். நம் பெயரும் போனும் இருப்பது பதிவேட்டில்தான்.

ஆகவே பதிவேட்டில் உங்கள் விவரம் ஏறியிருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். முடிந்தால் வீட்டில் இன்னொருவர் போன் நம்பரையும் கொடுங்கள். சிப் எண்ணைத் தடுப்பூசிப் புத்தகத்தில் குறித்து வையுங்கள். வருஷா வருஷம் வெறிநாய்த் தடுப்பூசிக்குப் போகும்போது, "ஒரு தடவை ஸ்கேன் பண்ணிப் பாருங்க டாக்டர்" என்று கேளுங்கள். சில சமயம் சிப் இடம் நகர்ந்திருக்கும். கழுத்துப் பட்டையும் இருக்கட்டும். பார்த்தவர் உடனே கூப்பிட அதுதான் உதவும்.

வீடு மாறினால் காஸ், ரேஷன் கார்டு, பாங்க் என்று விலாசம் மாற்றப் பட்டியல் போடுவோமே, அதில் நாயையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.