அதனால என்ன?

போன வாரம் ஆபீஸ்ல ஒரு சர்வர் படுத்துடுச்சு. ராத்திரி முழுக்க ஆணி பிடுங்கிட்டு, காலையில 'ஏன் படுத்துச்சு'ன்னு ரெண்டு பக்க அறிக்கை எழுதிக் கொடுத்தேன். மேனேஜர் படிச்சுட்டு, இப்படி எழுத எங்கே கத்துக்கிட்டேன்னு கேட்டார். பன்னிரண்டாம் வகுப்பு இங்கிலீஷ் க்ளாஸ்ல என்றேன். நம்பாம ஒரு பார்வை பார்த்தார். நீங்களாவது நம்பணும்னுதான் இந்தக் கொசுவத்தி.

2013-ல் திருச்சியில் பத்தாவது முடிச்ச கையோட, அப்பாவின் ஹெச்-1பி விசாவைப் பிடிச்சுக்கிட்டு நாங்களும் நியூஜெர்சி வந்து சேர்ந்தோம். அடுத்த வருஷம் பன்னிரண்டாவதில் ஏ.பி. இங்கிலீஷ் லிட்ரேச்சர் எடுத்தேன். இலக்கிய தாகமெல்லாம் இல்லீங்க. ஏ.பி. என்பது பள்ளிக்கூடத்திலேயே காலேஜ் தரத்தில் நடத்துற பாடம். மே மாசம் காலேஜ் போர்டு ஒரு பரீட்சை வைக்கும். அதில் 5-க்கு 4, 5 வாங்கினால் பல காலேஜ்களில் அந்தப் பாடத்தை மறுபடி படிக்க வேண்டியதில்லை. ஃபீஸ் மிச்சம். அம்புட்டுதான் :-)

பரீட்சை மூணு மணி நேரம். முதல் ஒரு மணி நேரத்தில் 55 அப்ஜெக்டிவ் கேள்விகள், அதுக்கு 45 சதவீதம். மீதி ரெண்டு மணி நேரத்தில் மூணு கட்டுரை, அதுக்கு 55 சதவீதம். ஒரு கட்டுரை கவிதை பற்றி, இன்னொன்று உரைநடைப் பகுதி பற்றி, மூணாவதுக்கு நாமே ஒரு நாவலையோ நாடகத்தையோ தேர்ந்தெடுத்துக்கலாம். கவிதையையும் உரைநடையையும் கேள்வித்தாளிலேயே கொடுத்துடுவாங்க. இதுல நான் எதை மனப்பாடம் பண்றது? கேள்விப்பட்டதும் ஙேன்னு முழிச்சேன்.

ஏன்னா நான் வளர்ந்தது கோனார் உரையில். அய்யம்பெருமாள் கோனார் எங்க ஊர் செயின்ட் ஜோசப் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர். பத்தாவதில் 'நயம் பாராட்டுக'ன்னு ஒரு கேள்வி வருமே, ஞாபகம் இருக்கா? மையக் கருத்து, எதுகை, மோனை, இயைபு, அணி, சந்தம்னு தலைப்புப் போட்டு, அடிக்கோடு இழுத்து, எந்தப் பாட்டு வந்தாலும் அதே நாலு வரியை இறக்கிடுவோம். 'கவிஞர் தம் கருத்தை அழகுற எடுத்தியம்புகிறார்.' எந்தக் கருத்து, ஏன் அழகு, யாரும் கேட்டதில்லை. மார்க் மட்டும் முழுசா வரும்.

அமெரிக்காவிலும் கோனார்கள் உண்டுங்கிறதை சீக்கிரமே கண்டுபிடிச்சுட்டேன். தலைப்பு, பொழிப்பு, உட்பொருள், மனோபாவம், திருப்பம், மறுபடி தலைப்பு, மையக் கருத்துன்னு கவிதையை அக்கக்காப் பிரிக்க ஒரு சூத்திரம் வச்சிருக்காங்க. 'டிபிகாஸ்ட்'ன்னு பேரு. அட, நம்ம ஆளு! இனி கவலை இல்லைன்னு நினைச்சேன்.

அக்டோபரில் 'டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்' படிக்கச் சொன்னாங்க. ஆர்தர் மில்லர் எழுதி 1949-ல் பிராட்வேயில் அரங்கேறிய நாடகம். வில்லி லோமன்னு அறுபது தாண்டிய ஒரு சேல்ஸ்மேன். ஊர் ஊராகக் கார் ஓட்டிக் களைச்சுப் போனவன். சம்பளம் நின்னு போய், பக்கத்து வீட்டு சார்லிகிட்ட வாரம் 50 டாலர் கடன் வாங்கி, அதையே சம்பளம்னு மனைவி லிண்டாகிட்ட கொடுப்பான். நான் கட்டுரையில் புகுந்து விளையாடினேன். புல்லாங்குழல் ஒரு குறியீடு, காலுறை ஒரு குறியீடு, ராத்திரியில் விதை நடுவது ஒரு குறியீடு. வில்லி ஒரு பொய்யன், தோத்துப் போனவன். சுபம்.

9-க்கு 4 வந்தது. (அப்போ ஒவ்வொரு கட்டுரைக்கும் 9 மார்க். 2019-20 கல்வியாண்டில் அதை 6 ஆக்கிட்டாங்க.) ஓரத்தில் பச்சை மையில் ஆறு இடத்தில் ஒரே கேள்வி: அதனால என்ன?

க்ளாஸ் முடிஞ்சதும் டீச்சர்கிட்ட போய் நின்னேன். "நீ கண்டுபிடிச்சது எல்லாம் சரிதான். ஆனா நீ என்ன நினைக்கிறேன்னு எங்கேயுமே இல்லையே?" என்றார்.

"பொய்யன்னு எழுதியிருக்கேனே?"

"அவன் பொய் சொல்றான்னு நாடகம் பார்த்த எல்லாருக்கும் தெரியும். யாருமே மறுக்க முடியாததைச் சொன்னா அது தகவல். ஒருத்தராவது 'இல்லை'ன்னு சொல்ல இடம் இருக்கணும். அவரை நாடகத்து வரிகளை வச்சே நீ ஒத்துக்க வைக்கணும்."

இதைச் சொல்லி, திருத்தி எழுத ஒரு வாரம் கொடுத்தார்.

அந்த சமயத்தில் வீட்டு நிலவரம் சரியில்லை. அப்பாவுக்கு ப்ராஜக்ட் முடிஞ்சு ஏழு வாரமா பெஞ்ச். கன்சல்டன்ஸிக்காரன் 'அடுத்த மாசம், அடுத்த மாசம்'னு இழுத்துக்கிட்டிருந்தான். விசா என்ன ஆகுமோன்னு ராத்திரியில் அப்பாவும் அம்மாவும் மெதுவாப் பேசுறது என் ரூமுக்குக் கேட்கும். ஆனா ஞாயித்துக்கிழமை திருச்சிக்குப் போன் போட்டு தாத்தாகிட்ட அப்பா பேசுறது வேற மாதிரி இருக்கும். "இங்க எல்லாம் ஃபர்ஸ்ட் க்ளாஸ்ப்பா. வேலை நல்லாப் போகுது. அடுத்த வருஷம் கார் மாத்தலாம்னு இருக்கேன்." கேட்கக் கேட்க எனக்கு எரிச்சலா வரும். எதுக்கு இந்தப் பொய்?

அம்மா பீன்ஸ் நறுக்கிக்கிட்டே, "அப்படி என்னடா படிக்கிற, ஒரே புஸ்தகத்தை ஒரு வாரமா?" என்று கேட்டாங்க. கதையைச் சொன்னேன். சார்லிகிட்ட கடன் வாங்குற இடம் வந்ததும், "அது அவன் பொண்டாட்டிக்குத் தெரியுமா?"

"தெரியும்மா. ஆனா தெரிஞ்ச மாதிரி காட்டிக்க மாட்டா."

அம்மா கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லலை. "எப்படிச் சொல்லுவா," என்று மட்டும் சொல்லிட்டு குக்கரை இறக்கப் போயிட்டாங்க.

அன்னிக்கு ராத்திரி முதல் அங்கத்தை மறுபடி எடுத்தேன். வில்லி ஊரிலிருந்து திரும்பி வந்து, ப்ராவிடன்ஸில் 500 க்ராஸ், பாஸ்டனில் 700 க்ராஸ் வித்தேன்னு அளப்பான். (ஒரு க்ராஸ்னா 12 டஜன்.) லிண்டா சந்தோஷமா கமிஷனைக் கணக்குப் போட ஆரம்பிப்பாள். உடனே இவன் தானாகவே இறங்குவான். கடைசியில் மொத்தப் பயணத்துக்கும் சேர்த்தே சுமார் 200 க்ராஸ்தான். 200 டாலருக்கு மேல் வரவேண்டிய கமிஷன் 70 டாலர் சொச்சம் ஆகிடும். அதையும் நல்ல தொகைன்னுதான் லிண்டா சொல்வாள்.

நாலு தடவை படிச்சிருந்தும் இந்த இடத்தில் நான் நின்னதே இல்லை. ஏமாத்தணும்னு நினைக்கிறவன் கணக்குப் போடும்போது ஏன் இறங்கி வரணும்? அவள் திட்டக்கூட இல்லையே! புதுக் கட்டுரையின் முதல் வரி அங்கேதான் கிடைச்சது. வில்லியின் பொய் அடுத்தவரை ஏமாத்த இல்லை, வாசல்படி தாண்டி வீட்டுக்குள்ள நிமிர்ந்து நுழைய. லிண்டாவின் மௌனம் அறியாமை இல்லை, அவன் நிமிர்ந்து நிற்க அவள் கொடுக்கிற கை. குறியீடு எதையும் தொடலை. இந்த ஒரு காட்சியையும் சார்லியின் கடனையும் மட்டும் வச்சு மூணு பக்கம் எழுதினேன். 9-க்கு 7. ஓரத்தில் ஒரே ஒரு கேள்வி இருந்தது: அப்போ பிள்ளைகளுக்கு அந்தப் பொய் என்ன பண்ணுச்சு? நியாயமான கேள்வி. பதில் என்கிட்ட இல்லை.

அடுத்த ஞாயிறு அப்பா வழக்கம்போல போன் பேசினார். ஃபர்ஸ்ட் க்ளாஸ்ப்பா, கார் மாத்தப் போறேன், எல்லாம் அதேதான். ஆனா பேசி முடிச்சதும் போனைக் கையிலேயே வச்சுக்கிட்டு அஞ்சு நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்ததை அன்னிக்குத்தான் பார்த்தேன். அம்மா ஒண்ணும் கேட்காம காபி கொண்டு வந்து வச்சாங்க. நானும் எரிச்சல்படலை.

ஜனவரியில் அப்பாவுக்கு வேற ப்ராஜக்ட் கிடைச்சது. மே 2015 பரீட்சையில் மூணாவது கட்டுரைக்கு வில்லியைத்தான் எழுதினேன். 4 வந்தது. அதோட இன்ஜினியரிங்ல சேர்ந்துட்டேன், அதுக்கப்புறம் இலக்கிய க்ளாஸ் பக்கமே போகலை.

கோனாரைக் குறை சொல்றேன்னு நினைக்காதீங்க. எதுகை மோனையைக் காதில் ஏத்தினது அவர்தான். ஆனா அணி என்னன்னு கண்டுபிடிக்கிறது பாதி வழிதான். அதுக்கப்புறம் 'அதனால என்ன'ன்னு கேட்டுட்டு, பதிலுக்காக மறுபடி அதே வரிக்குத் திரும்பிப் போகணும். சர்வர் படுத்தாலும் இதேதான். மனுஷங்ககிட்டயும் இதேதான், என்ன, அங்கே வரியெல்லாம் அச்சாகி இருக்காது.

2023-ல் எங்க டீமில் பாதிப் பேரைத் தூக்கினாங்க. என் பேர் லிஸ்டில் இருக்கா இல்லையான்னு தெரியாத அந்த வாரத்தில் அப்பா போன் பண்ணினார்.

"வேலையெல்லாம் எப்படிப்பா போகுது?"

"சூப்பரா போகுதுப்பா."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "சரி, சாப்டியா?" என்றார்.