வெங்காய வேர் நுனியில் ஒரு வரிசை

திங்கள்

வாயகன்ற குப்பியில் நீர் நிரப்பி, அடிப்பாகம் மட்டும் நனையும்படி வெங்காயத்தை உட்கார வைத்தால் இரண்டு மூன்று நாளில் வெள்ளை வேர்கள் இறங்கும். அவற்றின் நுனியில் ஓரிரு மில்லிமீட்டர்தான் நமக்கு வேண்டியது. வேர்மூடியை ஒட்டிய அந்த ஆக்குத்திசுவில்தான் செல்கள் மும்முரமாகப் பிரிகின்றன. அதற்கு மேலே உள்ளவை பெரும்பாலும் நீள்வதோடு சரி. வெங்காயத்துக்குக் குரோமோசோம்கள் 16தான், அளவிலும் பெரியவை. பள்ளி நுண்ணோக்கிக்கே பிடிபடும். இந்தச் சோதனையைச் ‘செல் பிரிவதைப் பார்த்தல்’ என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் ஸ்லைடில் எந்தச் செல்லும் பிரிவதில்லை. பிரியும்போது உயிர் நின்ற செல்களே அங்கே கிடக்கின்றன. பிரிதலின் வரிசை கண்ணுக்குத் தெரிவதன்று, காரணம் காட்டி நிறுவ வேண்டியது என்பதே என் கட்சி.

புதன்

ஒரு பங்கு அசெட்டிக் அமிலமும் மூன்று பங்கு ஆல்கஹாலும் கலந்த திரவத்தில் நுனியைப் போட்டதும் ஒவ்வொரு செல்லும் இருந்த நிலையிலேயே உறைகிறது. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இளஞ்சூடாக வைத்தால் செல்களைப் பிணைக்கும் பெக்டின் தளரும். பிறகு அசிட்டோகார்மைன் சாயமேற்றி, கவர் ஸ்லிப்பைக் கட்டைவிரலால் அழுத்தினால் செல்கள் பரவிக்கொள்ளும். சிலவற்றில் நூற்கண்டு போல் இழைகள் தடிக்கின்றன. சிலவற்றில் குரோமோசோம்கள் நடுக்கோட்டில் அணிவகுக்கின்றன. சிலவற்றில் இரு துருவங்களை நோக்கி விலகுகின்றன. சிலவற்றில் இரண்டு உட்கருக்களுக்கு நடுவே புதுச்சுவர் எழுகிறது. முதல் மூன்றுக்கும் புரோஃபேஸ், மெட்டாஃபேஸ், அனாஃபேஸ் என்று 1884இல் பெயரிட்டவர் எடுவார்ட் ஸ்ட்ராஸ்பர்கர். டீலோஃபேஸ் என்ற பெயர் பத்தாண்டு கழித்து வந்தது. அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என்று பூவுக்கு ஏழு பருவம் வகுத்த மொழி நம்முடையது. ஒரே புதரில் ஒரே காலையில் ஏழையும் காணலாம். அரும்புதான் செம்மலாகிறது என்றறிய ஒரே பூவைத் தொடர்ந்து பார்த்திருக்க வேண்டும். ஸ்லைடில் அந்த வசதி இல்லை.

வெள்ளி

அப்படியானால் வரிசையைத் தலைகீழாகவும் படிக்கலாமே என்று ஒருவர் கேட்கலாம். அதற்கு விடை தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளிலேயே இருக்கிறது. அதன் கிழங்கிலும் விதையிலும் உள்ள கால்ச்சிசின், குரோமோசோம்களை நகர்த்தும் கதிர் இழைகள் உருவாகாமல் தடுக்கிறது. அதில் சில மணி நேரம் வைத்த வேரில், சுருங்கித் தடித்தும் பிரியாமல் நிற்கும் குரோமோசோம்கள் குவிகின்றன. அனாஃபேஸும் டீலோஃபேஸும் அருகிப்போகின்றன. வழியை அடைத்தால் தேக்கம் அடைப்புக்கு முன்னால்தான் சேரும். எனவே விலகல் அணிவகுப்புக்குப் பிந்தியதே. ‘அமிலமும் சாயமும் உண்டாக்கிய தோற்றமாக இருந்தால்?’ என்பது இன்னும் கனமான கேள்வி. கதிர் இழைகளைப் பற்றி அறிஞர்களிடையேயே அந்த ஐயம் நெடுங்காலம் இருந்தது. ஷின்யா இனோவே 1953இல் முனைவுற்ற ஒளியில், சாயம் ஏற்றாத, உயிருள்ள செல்களிலேயே அவற்றைக் காட்டினார். லில்லியின் மகரந்தத் தாய்ச்செல்களும் அவற்றுள் அடக்கம்.

ஞாயிறு

வரிசைக்கு அடுத்தது கால அளவு. 1000 செல்களில் 20 மெட்டாஃபேஸில் இருப்பதாகவும், ஒரு சுழற்சிக்கு 20 மணி நேரம் ஆவதாகவும் வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு இரண்டு என்றால் அந்த நிலைக்கு ஏறத்தாழ 24 நிமிடம். எல்லாச் செல்களும் ஒரே தாளத்தில் பிரிந்தால் இக்கணக்கு பொய்க்கும் என்பது நியாயமான மறுப்பு. ஆனால் நிலைகள் யாவும் ஒரே நுனியில் கலந்து கிடப்பதே அவை ஒத்த தாளத்தில் இல்லை என்பதற்குச் சான்று. ஒவ்வொரு பிரிவும் இரண்டு இளஞ்செல்களைத் தருவதால் எண்ணிக்கை அவற்றின் பக்கம் சற்றே சாயும். அதையும் கணக்கில் திருத்திக்கொள்ளலாம். எண்ணிப் பார்த்தால் பெரும்பாலான செல்கள் எந்தக் கோலமும் காட்டாத இடைநிலையில் இருப்பது தெரியும். அதை ஒரு காலத்தில் ஓய்வுநிலை என்றார்கள். ஆல்மா ஹோவார்டும் ஸ்டீபன் பெல்க்கும் ஒருவகை அவரையின் வேர்களுக்குக் கதிரியக்கப் பாஸ்பரஸ் ஊட்டி, டிஎன்ஏ இரட்டிப்பாவது அந்த இடைநிலையில்தான் என்று 1953இல் காட்டினார்கள். கண் ஓய்வென்று சொன்ன பொழுதில்தான் செல் தன் முழு மரபையும் படியெடுத்துக்கொண்டிருந்தது. ஆகவே மாணவர் நான்கு படங்களை வரைந்ததும் நோட்டில் கையெழுத்துப் போட்டு அனுப்புவது போதாது. எது முன், எது பின், எப்படித் தெரியும் என்று கேட்கவேண்டும். செல்களை எண்ணவைக்க வேண்டும். அப்போதுதான் அந்த வேர் நுனி அவருக்கு அறிவியலைக் கற்றுத்தரும்.