பாரிமுனை: ஷட்டர் இறங்கினால் வீடு

இரவு 10 மணிக்கு மேல் சென்னை பாரிமுனையில் கடை ஷட்டர்கள் ஒவ்வொன்றாக இறங்கும். அதற்காகவே காத்திருந்த நடைபாதைக் குடும்பங்கள் பாய் விரிக்கத் தொடங்கும். பாட்டி, மகள், பேரன் என மூன்று தலைமுறையாக இதே ஓரத்தில் வாழ்பவர்களும் உண்டு.

'காப்பகத்துக்குப் போகலாமே?' என்று கேட்பது சுலபம். பெருநகரங்களில் லட்சம் பேருக்கு ஒன்று என்ற கணக்கில், ஆண்டு முழுவதும் இயங்கும் காப்பகம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-ல் உத்தரவிட்டது. சென்னை மாநகராட்சியின் காப்பகங்கள், ஆதரவற்ற முதியவர்களுக்கும் தனியாக இருப்பவர்களுக்கும் பெரிய ஆறுதல்தான். ஆனால், பெரும்பாலும் ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. கணவன் ஓரிடம், மனைவி ஓரிடம் என்றால் வளர்ந்த மகன் எங்கே போவான்? அடுப்பும் சட்டி பானையும் எங்கே போகும்?

சரி, வீடே கொடுத்தால்? பெரும்பாக்கத்தில் எட்டு மாடிக் குடியிருப்புகள் இருக்கின்றன. கதவு உண்டு, கழிப்பறை உண்டு, வயசுப் பெண்ணை வைத்துப் பூட்டிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கலாம். நடைபாதையில் அதற்கு வழியே இல்லை. ஆனால் மூட்டை தூக்குகிறவருக்கும் பூ விற்கிறவருக்கும் பிழைப்பு பாரிமுனையில்தான். நகரின் தென்கோடியிலிருந்து பஸ் மாறி வந்து சேர்வதற்குள் அன்றைய வேலை வேறொருவருக்குப் போயிருக்கும். பெண்களுக்கு பஸ் இலவசம்தான், ஆனால் போகிற நேரத்துக்கு யார் கூலி தருவது?

அதனால்தான், வீடு கிடைத்தும் பழைய ஓரத்துக்கே பாயோடு திரும்பியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கேட்பது, வேலைக்கு நடந்து போகிற தூரத்தில் ஒரு வீடு.