ஏழு பதிவுகளும் ஒரு சுற்றறிக்கையும்

சுற்றறிக்கை இரண்டு பக்கம். கூடவே ஒரு பக்க உறுதிமொழிப் படிவம். ஊழியர்கள் சமூக ஊடகங்களில் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்று வரையறுக்கும் அந்த ஆணையை, மத்திய இந்தியாவின் பல்கலைக்கழகம் ஒன்றில் பதிவாளர் அலுவலகம் வாட்ஸாப் வழியாகவே அனுப்பிவைத்தது. படித்து, கையொப்பமிட்டு, பத்து நாளுக்குள் துறைத் தலைவரிடம் கொடுக்க வேண்டும். பொருளியல் துறையில் பெரும்பாலானவர்கள் படிக்காமலேயே கையொப்பமிட்டுக் கொடுத்துவிட்டார்கள். தகுதிகாண் பருவத்தில் இருந்த உதவிப் பேராசிரியர் ஒருவர் மட்டும் அதை இரண்டு முறை படித்தார். பிறகு தம் முகநூல் பக்கத்தைத் திறந்து, கடந்த இரண்டு ஆண்டுகளில் எழுதியவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார். சிக்கலை வரவழைக்கக்கூடியவை என்று ஏழு பதிவுகள் தேறின.

ஏழும் பயிர்க் காப்பீடு பற்றியவை. அவருடைய முனைவர் பட்ட ஆய்வும் அதைப் பற்றியதுதான். 2016ஆம் ஆண்டு தொடங்கிய பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், காரிஃப் பருவ உணவுப் பயிர்களுக்கும் எண்ணெய் வித்துகளுக்கும் உழவர் செலுத்துவது காப்பீட்டுத் தொகையில் 2 விழுக்காடு; ரபி பருவத்துக்கு 1.5 விழுக்காடு. எஞ்சிய பிரீமியத்தை மத்திய அரசும் மாநில அரசும் ஏற்க வேண்டும். பரவலான இழப்பு நேரும்போது ஒவ்வொரு வயலாகச் சென்று கணக்கெடுப்பதில்லை. வரையறுத்த பகுதிக்குள் சில இடங்களில் மட்டும் பயிரை அறுத்து எடை பார்ப்பார்கள். அந்தச் சராசரி, குறித்த அளவுக்குக் கீழே போனால் அப்பகுதி முழுவதற்கும் இழப்பீடு கிடைக்கும். சோயா பயிரிடும் கிராமங்களில் இரண்டு பருவம் தங்கி அவர் தேடிய விடை ஒன்றே: பணம் ஏன் இவ்வளவு தாமதமாக வருகிறது? விடையின் பெரும்பகுதி உழவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. மாநில அரசின் மானியப் பங்கு வந்து சேராமல் காப்பீட்டு நிறுவனம் தொகையை விடுவிப்பதில்லை. அதற்குள் அடுத்த விதைப்புக்கு வட்டிக்குக் கடன் வாங்கியாகிவிடும்.

இந்த முடிவு ஆங்கில ஆய்விதழ் ஒன்றில் இருபத்திரண்டு பக்கக் கட்டுரையாக வெளிவந்தது. பல்கலைக்கழகம் மகிழ்ந்தது, ஆண்டறிக்கையில் அதற்கு ஓர் இடமும் கிடைத்தது. அதே முடிவை எட்டு வரியில், அட்டவணை ஏதுமின்றி, முகநூலில் எழுதியபோது நானூறு பேர் பகிர்ந்தார்கள். சுற்றறிக்கையின்படி அந்த எட்டு வரி அரசின் கொள்கை மீதான பாதகமான விமர்சனம். இருபத்திரண்டு பக்கக் கட்டுரை ஆய்வுப் பணி. இரண்டிலும் கூற்று ஒன்றுதான். வேறுபாடு எத்தனை பேருக்குப் புரிந்தது என்பதில் மட்டுமே.

சுற்றறிக்கை முழுவதையும் பழிப்பது நியாயமாகாது. வினாத்தாளின் கமுக்கத்தைக் காக்கச் சொல்கிறது. மாணவர்களின் மதிப்பெண்ணை வெளியிடக் கூடாது என்கிறது. சொந்தக் கருத்தைப் பல்கலைக்கழகத்தின் கருத்தாகக் காட்டக் கூடாது, முத்திரையைச் சொந்தப் பக்கத்தில் பயன்படுத்தக் கூடாது என்கிறது. இவற்றோடு யாருக்கும் வழக்கில்லை. சொல்லப்போனால் இந்தத் திசையில் அது போதிய தூரம் போகவே இல்லை. மாணவர் ஒருவரின் விடைத்தாளில் இருந்த பிழையான ஆங்கில வாக்கியத்தைப் படமெடுத்து, சிரிக்கும் பொம்மைகளோடு பதிவிட்ட பேராசிரியர் அதே வளாகத்தில்தான் இருக்கிறார். அவரைத் தடுக்கும் தெளிவான வரி ஒன்றையும் அந்த இரண்டு பக்கத்தில் காண முடியவில்லை.

சிக்கல் ஏழாம் பத்தியில் இருந்தது. அதன் சொற்கள் புதியவையல்ல. மத்தியக் குடிமைப் பணிகள் நடத்தை விதிகள், 1964 என்ற தொகுப்பின் 9ஆம் விதியிலிருந்து ஏறக்குறைய அப்படியே எடுத்து ஒட்டியவை. நடப்பிலுள்ள அல்லது அண்மையில் நடப்பிலிருந்த அரசுக் கொள்கையையோ செயலையோ பாதகமாக விமர்சிக்கும் விளைவை உண்டாக்கும் தகவலையோ கருத்தையோ அரசு ஊழியர் பொதுவெளியில் கூறலாகாது என்பது அதன் சாரம். தகவல் என்ற சொல்லும் அங்கே இருப்பது கவனத்துக்குரியது: உண்மையாக இருப்பது ஒரு தகவலை விதியிலிருந்து காப்பாற்றாது. மத்திய அரசுக்கும் மாநில அரசுக்கும் இடையிலான உறவைச் சங்கடப்படுத்தக்கூடிய கூற்றும் அதே விதியில் விலக்கப்பட்டுள்ளது. மாநிலத்தின் மானியப் பங்கு தாமதமாகிறது என்ற ஆய்வு முடிவை அதற்குள் அடக்கப் பெரிய வழக்கறிஞர் தேவையில்லை. 1964இல் இவ்விதியை எழுதியவர்களின் மனத்தில் அமைச்சகக் கோப்புகளைக் கையாளும் அலுவலர் இருந்திருப்பார். கொள்கைகளை ஆராய்வதற்கென்றே சம்பளம் பெறும் ஒருவருக்கு இதே சட்டையை மாட்டினால் கையை அசைக்க முடியாது. 2018இல் மத்தியப் பல்கலைக்கழகங்கள் இவ்விதிகளைப் பின்பற்ற வேண்டும் என்ற பேச்சு எழுந்து ஆசிரியர்கள் எதிர்த்தபோது, பல்கலைக்கழகங்களில் கருத்துரிமைக்குத் தடை விதிக்கும் எண்ணம் இல்லை என்று அன்றைய கல்வித் துறை அமைச்சர் விளக்கமளித்தார். ஆனால் சுற்றறிக்கைகள் நிற்கவில்லை. பல்கலைக்கழகங்களுக்கு வெளியே மாநில, ஒன்றியப் பிரதேச அரசுகளும் தம் ஊழியர்களுக்கு இத்தகைய நெறிமுறைகளை வெளியிட்டுவருகின்றன: 2023 மார்ச்சில் ஜம்மு காஷ்மீர், 2025 ஜூலையில் மகாராஷ்டிரம்.

அன்றிரவு உதவிப் பேராசிரியர் தம் தந்தையிடம் தொலைபேசியில் பேசினார். அஞ்சல் துறையில் முப்பத்து நான்கு ஆண்டு பணியாற்றி ஓய்வு பெற்றவர் அவர். செய்தி கேட்டுச் சிரித்தார்.

“நான் பேப்பருக்கு எத்தனை கடிதம் போட்டிருக்கேன் தெரியுமா? எல்லாம் உங்க அம்மா பேர்லதான். யாருக்குத் தெரியப்போகுது?”

“தெரிஞ்சுதான்ப்பா விதி எழுதியிருக்காங்க. பேர் இல்லாம எழுதினாலும், புனைபெயர்ல எழுதினாலும், வேற ஒருத்தர் பேர்ல எழுதினாலும் தப்புதான்னு அதே வரியில இருக்கு.”

மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை.

“நான் அதைப் படிச்சதே இல்லம்மா. கையெழுத்து மட்டும் போட்டேன்.”

அரசுப் பணியும் மாற்றுப்பெயரும் இந்தியாவில் நெடுங்காலமாக ஒன்றாகவே நடந்து வந்திருக்கின்றன. வங்காளத்தின் அவுரி உழவர்கள் பட்ட கொடுமையைச் சொன்ன ‘நீல் தர்ப்பண்’ நாடகம் 1860இல் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தது. எழுதிய தீனபந்து மித்ரா அஞ்சல் துறை ஊழியர். அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில், ஐக்கிய மாகாணத்துப் பள்ளித் துணை ஆய்வாளர் தன்பத் ராய், நவாப் ராய் என்ற பெயரில் ‘சோஸ்-எ-வதன்’ என்னும் உருதுச் சிறுகதைத் தொகுப்பை வெளியிட்டார். ஆட்சியர் அவரை அழைத்து விசாரித்தார். எஞ்சிய படிகள் எரிக்கப்பட்டன. இனி எழுதுவதையெல்லாம் முதலில் மேலதிகாரியிடம் காட்ட வேண்டும் என்ற கட்டளையும் பிறந்தது. அவர் எழுதுவதை நிறுத்தவில்லை, பெயரை மாற்றிக்கொண்டார். நவாப் ராய் மறைந்து பிரேம்சந்த் தோன்றியது அப்படித்தான். 1921இல் வேலையையும் விட்டார். இந்தி இலக்கியத்தின் மிகப் பெரிய பெயர் ஒரு நடத்தை விதியின் பக்க விளைவு என்று வேடிக்கையாகச் சொல்லலாம். ஆனால் அன்று பெயரை மாற்றிக்கொண்டு மறைய இடமிருந்தது. இன்று ஒருவரின் பதிவு அவருடைய நிழற்படம், வேலை, நண்பர் பட்டியல் எல்லாவற்றோடும் கிடக்கிறது. ஐந்தாண்டு கழித்தும் ஸ்கிரீன்ஷாட்டாகப் பதிவாளர் மேசைக்கு வந்து சேரக்கூடும்.

நீதிமன்றங்கள் இதில் ஒரே குரலில் பேசியதில்லை. அரசு வேலையில் சேர்ந்ததால் ஒருவர் அடிப்படை உரிமைகளை இழந்துவிடுவதில்லை என்று 1962இல் காமேஷ்வர் பிரசாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. எல்லா வகை ஆர்ப்பாட்டங்களையும் தடைசெய்த பீகார் விதியைச் செல்லாதென்றது. அதே நீதிமன்றம் 1998இல், கர்நாடக அரசு நிறுவன ஊழியர் ஒருவர் ஆளுநருக்கு எழுதிய கடிதத்துக்காகவும் வெளியிட்ட பத்திரிகை அறிக்கைக்காகவும் பணிநீக்கம் செய்யப்பட்டதைச் சரியென்றது. முகநூல் பற்றிய தெளிவான தீர்ப்பு திரிபுராவிலிருந்து வந்தது. மீன்வளத் துறை எழுத்தர் ஒருவர் 2017 டிசம்பர் 31 அன்று ஓர் அரசியல் பேரணிக்குப் போயிருந்தார், முகநூலிலும் எழுதியிருந்தார். ஓய்வு பெறச் சில நாட்களே இருந்தபோது பணியிடை நீக்க ஆணை வந்தது. 2020 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அந்தத் துறை நடவடிக்கையை ரத்து செய்தது. கூட்டத்தில் இருப்பது வேறு, கட்சி அரசியலில் பங்கேற்பது வேறு என்றது. அரசு ஊழியருக்கும் பேச்சுரிமை உண்டு, அதைச் செல்லத்தக்க சட்டத்தால் மட்டுமே குறைக்க முடியும் என்றது. அந்த எழுத்தர் வென்றார். ஆனால் ஓய்வு பெற்ற பிறகு ஏறத்தாழ இரண்டு ஆண்டு அவர் வழக்கு நடத்த வேண்டியிருந்தது. இவ்விதிகளின் வலிமை தண்டனையில் அல்ல, இந்த இரண்டு ஆண்டுகளில்தான் இருக்கிறது. தகுதிகாண் பருவத்தில் இருப்பவர் அதை எண்ணிப் பார்க்காமல் இருக்க முடியாது.

அவருக்கு அடுத்த அறையில் கௌரவ விரிவுரையாளர் ஒருவர் இருந்தார். பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் வகுத்தபடி ஒரு வகுப்புக்கு 1500 ரூபாய், மாதத்துக்கு 50,000 ரூபாய்க்கு மிகாமல் பெறுபவர்களுள் ஒருவர். உறுதிமொழிப் படிவத்தை அவருக்கு யாரும் தரவில்லை. “எனக்கு எதுக்கு மேடம்? அடுத்த செமஸ்டருக்குக் கூப்பிடாம இருந்தா முடிஞ்சுதே” என்றார். அவருடைய முகநூல் பக்கத்தில் ஓராண்டாகப் பிறந்தநாள் வாழ்த்துகள் மட்டுமே இருந்தன. நிரந்தர ஊழியருக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணையும் விளக்கமளிக்கும் வாய்ப்பும் விசாரணையும் உண்டு. இவருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வராமல் போகும், அவ்வளவே.

ஒன்பதாம் நாள் உதவிப் பேராசிரியர் பதிவாளருக்கு அரைப்பக்கக் கடிதம் எழுதினார். ஏற்கெனவே வெளியான ஆய்வுக் கட்டுரையின் சுருக்கத்தைத் தாய்மொழியில் பொதுமக்களுக்கு எழுதுவது ஏழாம் பத்திக்குள் வருமா? நூல் எழுதும்போதும் ஊடகங்களில் பங்கேற்கும்போதும் கருத்து தம்முடையது என்று தெளிவுபடுத்துமாறு 8ஆம் விதி கூறுகிறதே, அது சமூக ஊடகத்துக்கும் பொருந்துமா? கையொப்பமிட்ட படிவத்தையும் கடிதத்தின் நகலையும் சேர்த்தே துறைத் தலைவரிடம் கொடுத்தார். துறைத் தலைவர் கடிதத்தை மட்டும் எடுத்து மறுபடி படித்துவிட்டு, “இதைக் கேட்காமலே இருந்திருக்கலாம்” என்றார். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது: நடைமுறையிலுள்ள விதிகளின்படி நடந்துகொள்ளுமாறு அறிவுறுத்தப்படுகிறது.

ஏழு பதிவுகளில் ஆறின் கீழே, கருத்து என்னுடையது, பல்கலைக்கழகத்தினுடையது அன்று என்ற வரியையும் கட்டுரையின் தலைப்பையும் சேர்த்தார். ஏழாவதை நீக்கினார். அதில் இழப்பீடு வராத ஓர் உழவர் தம் வாசலில் காப்பீட்டு ரசீதைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். முகம் தெளிவாகத் தெரிந்தது. ஆய்வுக்காகப் படமெடுக்க அவரிடம் இசைவு பெறப்பட்டிருந்தது. முகநூலில் போடலாமா என்று யாரும் அவரைக் கேட்டிருக்கவில்லை. அதைப் பற்றிச் சுற்றறிக்கையில் ஒரு சொல்லும் இல்லை.