பாலையில் வந்திறங்கிய கொக்குகள்

பாலைவனம் என்றதும் மணலும் வெயிலும்தான் நம் நினைவுக்கு வரும். அரிஸோனா மாநிலத்தின் தென்கிழக்கு மூலையிலுள்ள ஸல்ஃபர் ஸ்பிரிங்ஸ் பள்ளத்தாக்கை மார்கழியிலோ தையிலோ பார்த்தவர்கள் அப்படி எண்ண மாட்டார்கள். கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 4,000 அடி உயரத்தில், காய்ந்த புல்வெளிகளுக்கு நடுவே, ஒயிட்வாட்டர் டிரா என்றொரு ஆழமற்ற நீர்நிலை இருக்கிறது. 1997-ஆம் ஆண்டில் மாநில வனவிலங்குத் துறை அந்த நிலத்தை வாங்கிப் பறவைகளுக்காகப் பராமரிக்கத் தொடங்கியது. வட தேசங்களில் கோடையைக் கழித்த சாண்ட்ஹில் கொக்குகள் பனிக்காலத்தில் அங்கே வந்து தங்கும். சில ஆண்டுகளில் அவற்றின் எண்ணிக்கை 20,000-ஐத் தாண்டியதுண்டு.

2019-ஆம் ஆண்டு ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, டூசான் நகரிலிருந்து நம்மவர் பன்னிருவர், குழந்தைகள் இருவர் உட்பட, அந்தக் காட்சியைக் காணப் புறப்பட்டனர். வழிகாட்டியாக வந்தவர் ஓய்வு பெற்ற அமெரிக்கப் பள்ளி ஆசிரியை. அதிகாலை நான்கு மணிக்கே வேன் கிளம்பிவிட்டது. புளியோதரைப் பாத்திரமும் ஃபிளாஸ்கில் காப்பியும் கம்பளிகளுமாகப் பின் இருக்கைகள் நிறைந்திருந்தன.

கூட்டத்தில் எழுபத்திரண்டு வயதுப் பொறியாளர் ஒருவரும் அவர் மனைவியும் இருந்தனர். எட்டு ஆண்டுகளாக வெள்ளிக்கிழமை தவறாமல், கார் ஓட்டத் தெரியாத முதியவர்கள் நால்வர் ஐவரைத் தம் வண்டியில் ஏற்றிக் கோயிலுக்கு அழைத்துச் சென்று, அர்ச்சனை முடிந்ததும் அவரவர் வீட்டு வாசலில் இறக்கிவிடும் புண்ணியவான் அவர். அன்றும் தம் காரிலேயே வருவதாகத்தான் சொன்னார். "எல்லாரும் ஒன்றாகப் போகலாமே" என்று அம்மையார் வற்புறுத்தி வேனில் ஏற்றினார். அதற்குக் காரணம் இருந்தது. சில மாதங்களாகப் பெரியவர் டம்ளருக்கு வெளியே காப்பி ஊற்றினார். பத்திரிகையில் அச்சு சரியில்லை என்று குறைப்பட்டுக்கொண்டார். தெரிந்தவர்கள் எதிரே வந்தாலும் குரல் கேட்ட பிறகே சிரித்தார். அம்மையார் எதையும் கேட்கவில்லை; அவரும் சொல்லவில்லை.

நீர்நிலையை அடைந்தபோது இன்னும் இருட்டு. கரையோரம் உறைபனி பூத்திருந்தது. இருளுக்குள்ளிருந்து ஆயிரம் மரக்கதவுகள் கிறீச்சிடுவதுபோல் ஓசை வந்தது. கொக்கின் மூச்சுக்குழல் நெஞ்செலும்புக்குள் சுருண்டு கிடப்பதால்தான் குரல் மைல் கணக்கில் கேட்கிறது என்று ஆசிரியை விளக்கினார். இரவில் அவை ஆழமில்லாத நீரில் நின்றபடியே உறங்குமாம். கயோட்டி என்னும் ஓநாய் இனத்து விலங்கு நெருங்கினால் தண்ணீர் அலம்பும் சத்தம் காட்டிக் கொடுத்துவிடும்.

கிழக்கு வெளுத்தது. ஆசிரியை தொலைநோக்கியை முக்காலியில் பொருத்தி ஒரு குடும்பத்தைக் காட்டினார். தாயும் தந்தையும், நடுவே முதல் குளிர்காலம் காணும் குஞ்சும். பெரிய பறவைகளுக்கு நெற்றியில் சிவப்பு. அது இறகு அன்று, வெறும் தோல். குஞ்சின் தலை பழுப்பு. ஜோடி சேர்ந்தவை வாழ்நாள் முழுதும் பிரிவதில்லை என்றார். வால்மீகி முனிவர் கண்ணெதிரே வேடன் வீழ்த்திய கிரௌஞ்சப் பறவை நம் நாட்டுச் சாரஸக் கொக்கே என்று கருதுவோர் உண்டு. அந்தச் சாரஸமும் இந்தச் சாண்ட்ஹில் கொக்கும் ஒரே பேரினம் என்று ஆசிரியை சொன்னபோது, இராமாயணம் அறிந்த நம் பெண்மணிகளுக்கு மெய் சிலிர்த்தது.

வரிசையில் பெரியவரின் முறை வந்தது. குனிந்து பார்த்தவர், "ஆஹா, சிவப்பு நெற்றி எத்தனை தெளிவாகத் தெரிகிறது!" என்று வியந்தார். அடுத்து நின்ற ஏழு வயதுச் சிறுமி எட்டிப் பார்த்துவிட்டு, "தாத்தா, இதில் வெறும் தண்ணீர்தானே இருக்கிறது?" என்றாள். பறவைகள் அதற்கு முன்பே நடந்து போயிருந்தன.

ஒருவரும் பேசவில்லை. ஆசிரியை தொலைநோக்கியைத் திருப்பிச் சரி செய்தார். அம்மையார் கணவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த நேரத்தில் சூரியன் எழுந்தது. ஒரு மூலையில் தொடங்கிய சிறகடிப்பு நீர்ப்பரப்பு முழுதும் பரவியது. ஆறடி அகலச் சிறகுகள் ஆயிரக்கணக்கில் விரிந்து, சோளம் அறுத்த வயல்களை நோக்கித் தலைக்கு மேலே வரிசை வரிசையாகக் கடந்தன. எல்லோரும் அண்ணாந்து பார்க்க, பெரியவர் மட்டும் முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு நின்றார். கண்களில் நீர் வழிந்தது.

"தெரிகிறது. நேரே பார்த்தால் நடுவில் புகை அப்பியதுபோல் இருக்கிறது. ஓரக்கண்ணால் பார்த்தால் எல்லாம் பறக்கிறது" என்றார்.

"எத்தனை நாளாக?" என்றார் அம்மையார்.

"நாலு மாதம். கண் டாக்டர் அப்போதே சொல்லிவிட்டார். உன்னிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை."

"வெள்ளிக்கிழமைதோறும் ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு போனீர்களே!"

அதற்கு அவரிடம் பதில் இல்லை. வண்டியை விட்டுவிட்டால் தம்மை யார் தேடுவார்கள் என்ற பயம்தான் அவர் வாயைக் கட்டியிருந்தது. அந்தப் பயத்துக்கு அவர் ஐந்து உயிர்களைப் பணயம் வைத்திருந்தார் என்பதும் உண்மை. அன்று பகல் உணவின்போது, சட்டைப்பையிலிருந்து கார்ச் சாவியை எடுத்து மனைவியின் கையில் வைத்தார். வெள்ளிதோறும் அவர் வண்டியில் வரும் பாட்டி ஒருவர், "இத்தனை நாள் நீங்கள் எங்களை அழைத்துப் போனீர்கள் தம்பி, இனி நாம் எல்லோரும் சேர்ந்து போவோம், உங்களுக்கும் ஓர் இடம் உண்டு" என்றார். கொக்குகளைக் கண்டு கலங்காத சிலரும் அதைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டனர்.

பெரியவருக்கு வந்தது, விழித்திரையின் நடுப்பகுதி முதுமையில் தேயும் நோய். முகம், எழுத்து, சாலைப் பலகை ஆகியவற்றைக் காட்டும் நடுப்பார்வை மங்கும், ஓரப்பார்வை நிற்கும். ஓரம் அசைவைப் பிடிப்பதில் கெட்டிக்காரப் பகுதி. ஆகவேதான் பறந்த கொக்குகள் அவருக்குத் தெரிந்தன. தொலைநோக்கியில் அசையாமல் நிற்கும் பறவை தெரிந்திருக்காது. ஐம்பதைக் கடந்த அன்பர்கள் அவ்வப்போது ஒரு கண்ணை மூடிக்கொண்டு கதவு நிலையையோ ஜன்னல் கம்பியையோ பார்ப்பது நல்லது. நேர்க்கோடு வளைந்து தெரிந்தாலும், நடுவில் கறை தோன்றினாலும் தாமதமின்றிக் கண் மருத்துவரிடம் செல்ல வேண்டும். இந்நோயில் விரைந்து பார்வையைப் பறிக்கும் வகைக்குக் கண்ணுக்குள் போடும் ஊசி மருந்து உண்டு. காலத்தில் போட்டால்தான் பலன். புகைப்பழக்கம் உள்ளவர்களுக்கு ஆபத்து அதிகம். எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டாரிடம் மறைக்கக் கூடாது.

அதன்பின் வெள்ளிக்கிழமைக்கு ஆறு குடும்பங்கள் முறை வைத்துக்கொண்டன. 2020 ஜனவரியில் அந்தத் தம்பதியர் மறுபடியும் ஒயிட்வாட்டர் டிராவுக்குச் சென்றனர். அதுவரை நெடுஞ்சாலையில் ஓட்ட அஞ்சிய அம்மையாரே கார் ஓட்டினார். நீர்நிலைக்கு இன்னும் தூரம் இருக்கும்போதே பெரியவர் ஜன்னல் கண்ணாடியை இறக்கச் சொன்னார்.

"வந்துவிட்டோம். உனக்குக் கேட்கிறதா?" என்றார்.

அம்மையாருக்கு இன்னும் கேட்கவில்லை.