விபீஷணன் மகளும் ஒரு போர்க்கப்பலும்

வடபழனியில், ஆற்காடு சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே, ஒரு மூன்றாம் மாடி வீடு. ஞாயிற்றுக்கிழமை காலை. கல்லூரியில் படிக்கும் பேரன் கம்ப்யூட்டரில் கடற்போர் நடத்திக்கொண்டிருக்கிறான். "இன்னும் ரெண்டு திரிசடை விட்டா முடிஞ்சுது" என்று அவன் தனக்குத் தானே சொல்லிக்கொள்ள, கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த பாட்டி நிமிர்ந்தார்.

"திரிசடையா? அவ விபீஷணன் பொண்ணாச்சேடா. அசோகவனத்துல சீதைக்குத் துணையா இருந்தவ. அவளை எதுக்குடா கடல்ல விடறே?"

பேரனிடம் பதில் இல்லை. அவன் ஆடுவது 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2'. அதில் 'திரிசடை' என்பது திராவிடர்களுக்கு மட்டுமே கிடைக்கும் பெரிய போர்க்கப்பல்.

1999இல் வெளிவந்த ஆட்டம் அது. கிராமத்தாரை விட்டு மரம் வெட்டி, பொன் தோண்டி, வயல் போட்டு, படை திரட்டிப் பக்கத்து ராஜ்ஜியத்தின் மேல் பாயவேண்டும். முதலில் இந்தியாவே அதில் கிடையாது. 2013இல்தான் 'இந்தியர்' வந்தார்கள். ஒரே நாடு, ஒரே படை, ஒரே மொழி. அந்த மொழி எது என்று தமிழ்நாட்டில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. காவிரிக்கரையில் மரம் வெட்டுகிறவனும் இந்தியில்தான் 'சரி' சொன்னான். 2022 ஏப்ரலில் வந்த இணைப்பு அந்த 'இந்தியரை' இந்துஸ்தானியர் ஆக்கி, வங்காளியர், குர்ஜரர், திராவிடர் என்று மூன்று பேரைப் புதிதாகச் சேர்த்தது. திராவிடர் படை தமிழ் பேசியது. ராஜேந்திர சோழனுக்குத் தனியாக ஒரு படையெடுப்புக் கதையும் கிடைத்தது. அதே ஆண்டு செப்டம்பரில்தான் 'பொன்னியின் செல்வன்' முதல் பாகம் திரைக்கு வந்தது. சோழனுக்கு அது நல்ல வருஷம்.

ஆனால் பாட்டியின் கேள்வி நியாயமானது. சோழர் கடற்படை பற்றி இணையத்தில் உலவும் பட்டியல்களில் திரிசடை என்ற பெயர் இருக்கும். எந்தக் கல்வெட்டு, எந்த வரி என்று கேட்டால் பட்டியல் வாயைத் திறக்காது. கப்பலுக்குத் தமிழில் பெயர்ப் பஞ்சமா என்ன? கலம், நாவாய், வங்கம், அம்பி, தோணி என்று பழைய இலக்கியத்தில் வரிசையாகக் கிடக்கின்றன. ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தி கடாரப் படையெடுப்பைச் சொல்லும் இடத்தில் 'கலம்' என்றே சொல்கிறது. ஒரு போன் போட்டு யாராவது தமிழ் வாத்தியாரைக் கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும்.

காலாட்படையின் கதையும் இதுதான். திராவிடரின் சிறப்பு வீரன் 'உறுமி' வீசுகிறவன். கேரளக் களரியில் சுழற்றும் நெகிழ்வாள் அது. நம் சிலம்பக் கூடங்களில் அதற்குச் சுருள்வாள் என்று பெயர். உறுமி என்றால் தமிழனுக்கு நினைவு வருவது மேளம். இருபது பேர் உறுமியோடு கோட்டையைத் தாக்குகிறார்கள் என்று கேட்டால், கோட்டைக்குள் திருவிழா என்றுதான் தோன்றும்.

தாத்தாவின் கண்ணில் பட்டது வேறு. ஸ்டூடியோக்களில் செட்டுக்கு வண்ணம் பூசியே காலத்தை ஓட்டியவர் அவர். 'மாயா பஜார்' எடுத்த விஜயா வாகினி இருந்த பேட்டை இது. இன்று அந்த இடத்தில் மாலும் ஆஸ்பத்திரியும் நிற்கின்றன. திரைக்கு முன்னால் குனிந்து பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "சோழன் ஊருன்னு சொல்றே, வீட்டு மேல குமிழ் மாடம் இருக்கே?" கையும் களவுமாகப் பிடித்துவிட்டார். 2022இல் வந்தபோது அந்த நான்கு இந்திய நாகரிகங்களுக்கும் வீடு, சந்தை எல்லாம் ஒரே வார்ப்புதான். ஆனால் தாத்தாவுக்குக் கோபம் இல்லை. "நாங்களும் அப்படித்தான். ஒரே தூணுக்கு இந்த வாரம் மஞ்சள் பூசினா மதுரை, அடுத்த வாரம் நீலம் பூசினா மதுரா."

பெயரிலும் தூணிலும் சறுக்கிய இதே ஆட்டம், வேறோர் இடத்தில் அசத்துகிறது. திராவிடருக்கு அதில் கனத்த குதிரைப்படை கிடையாது. மற்ற பல நாகரிகங்களுக்குக் கிடைக்கும் கவச வீரன் இவர்கள் லாயத்தில் இல்லை, யானையைத்தான் நம்பவேண்டும். 'சோழனை மட்டம் தட்டிட்டான்' என்று பேரனின் நண்பர்களுக்கு இதில் வருத்தம். உண்மையில் ஆட்டத்திலேயே ஆகச் சரியான செய்தி இதுதான். தமிழ்நாட்டு மண் குதிரை வளர்க்க ஏற்ற மண் அல்ல. கடல் வழியாகப் புகாருக்கு வந்திறங்கிய சரக்குகளில் குதிரையையும் சேர்த்துச் சொல்கிறது பட்டினப்பாலை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அரபு நாடுகளிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரை வாங்கியும், பராமரிக்கத் தெரிந்தவர் இல்லாமல் பெரும்பாலானவை செத்துப்போவதாக எழுதிவைத்தார். குதிரைக்குச் சோறும் இறைச்சியும் சமைத்துப் போடுகிறார்கள் என்று அவருக்கு ஒரே ஆச்சரியம். லாயத்தில் ஒரு வீரனைக் குறைத்ததிலேயே இத்தனை வரலாற்றையும் அந்த ஆட்டம் சொல்லிவிட்டது. உருக்குக்கும் இடம் உண்டு. ஐரோப்பியர் 'வூட்ஸ்' என்று அழைத்த நம் உருக்கை ஆராய்ந்து முடித்தால், திராவிடர் வாள் எதிரியின் கவசத்தை மதிப்பதில்லை. உருக்கு செய்த மூசைகள் கொடுமணல் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. கொஞ்சம் மிகைதான், ஆனால் வேரில்லாத மிகை அல்ல.

2025 பிப்ரவரியில் வந்த 'சிவிலைசேஷன் 7' இன்னும் ஒரு படி மேலே போனது. 1991இல் அந்த வரிசையின் முதல் ஆட்டத்தில் இந்தியா என்றால் காந்தி மட்டும்தான். முப்பத்து நான்கு ஆண்டு கழித்து, சோழர் தனி நாகரிகமாக வந்தார்கள். கப்பலின் பெயர் கலம், பாட்டி ஜெயித்துவிட்டார். தஞ்சைப் பெரிய கோயில் உலக அதிசயங்களில் ஒன்று. வணிகனுக்கு மட்டும் 'ஒற்று' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். திருக்குறளில் ஒற்றாடல் அதிகாரம் படித்தவர்கள் அவனிடம் சரக்கு வாங்க யோசிப்பார்கள்.

மணிக்கிராமத்தையும் அஞ்சுவண்ணத்தையும் அவர்கள் எடுத்துவந்ததுதான் பெரிய விஷயம். இரண்டும் வணிகக் குழுக்கள். 849ஆம் ஆண்டின் கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் இரண்டின் பெயரும் உண்டு. ஆட்டத்தில் இந்த இரண்டு கட்டடங்களையும் ஒரே பேட்டையில் கட்டினால் அது 'ஐந்நூற்றுவர்' ஆகிவிடும். சுமத்ராவின் பாருஸில் 1088இல் தமிழில் கல்வெட்டு வைத்தவர்கள் இதே ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர்தான். நம் சினிமாவில் சோழன் நூறு முறை வாளை உருவியிருக்கிறான்; இந்தச் செட்டிகள் ஒருமுறைகூட வசனம் பேசியதாக நினைவில்லை.

அந்த ஆட்டத்தின் பிழை பெயரில் இல்லை, பாதையில் இருக்கிறது. யுகம் மாறும்போது நாகரிகமும் மாறவேண்டும் என்பது வெளிவந்தபோது அதன் விதியாக இருந்தது. வேறு வழிகள் உண்டு என்றாலும், இந்தியாவுக்கு அது காட்டும் வரலாற்று வழி மௌரியர், பிறகு சோழர், பிறகு முகலாயர். மௌரியர் முதிர்ந்து சோழர் ஆனார்களாம்! அசோகரே இதை ஒப்பமாட்டார். அவருடைய இரண்டாம் பாறைக் கல்வெட்டு சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் எல்லோரையும் தன் எல்லைக்கு வெளியே உள்ளவர்களாகத்தான் பட்டியலிடுகிறது. ஒரே காலத்தில் பக்கத்து வீட்டில் இருந்தவனை அப்பாவாக்கிவிட்டார்கள். திரிசடையை மன்னிக்கலாம், அது பெயர்க்குழப்பம். இது, இந்தியா என்றால் வடக்கிலிருந்து நீளும் ஒற்றைக் கோடு என்ற பாடப்புத்தகப் பழக்கம்.

இவ்வளவுக்கும் நடுவே எல்லோரும் தாண்டிப்போகிற விஷயம் ஒன்று உண்டு. இந்த ஆட்டங்களின் உயிர் கணக்கில் இருக்கிறது. எத்தனை மூட்டை உணவு, எத்தனை கட்டு மரம், யாருக்கு எவ்வளவு. சோழர் கல்வெட்டுகளின் உயிரும் அதுதான். ராஜராஜன் தஞ்சைக் கோயிலுக்கு 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் கொண்டுவந்து, எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு யாருக்கு, ஆண்டுக்கு நூறு கலம் நெல் என்று சுவரில் பெயர் பெயராக வெட்டிவைத்தான். இங்கே கலம் கப்பல் அல்ல, நெல் அளக்கும் அளவு.

சென்னையிலும் ஆட்டம் செய்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு யோசனை. கடாரத்தைக் கொஞ்சம் மறந்துவிட்டு, ஒருநாள் பஸ் பிடித்து உத்திரமேரூருக்குப் போய் வாருங்கள். முதலாம் பராந்தகன் காலத்தில் 919, 921 ஆண்டுகளில் வெட்டிய சாசனங்கள் அந்தக் கோயில் சுவரில் இருக்கின்றன. ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் முறை அது; ஆட்ட விதிகள் தயாராக எழுதியிருக்கும். ஊருக்கு முப்பது குடும்பு, அதாவது வார்டு. நிற்பவருக்கு வயது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள். வரி கட்டும் கால் வேலி நிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும். ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒன்றும் அறியாத சிறுவனை விட்டு எடுக்கவேண்டும். ஏரி வாரியத்துக்கு ஆறு பேர். முன்பு வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவனின் பெயர் குடத்தில் விழாது. அவனுடைய நெருங்கிய உறவினர் பெயரும் விழாது.