இலையைக் கேட்கவில்லை

திருச்சி உறையூரில் எங்கள் தெருக்காரர்களும் பக்கத்துத் தெருக்காரர்களும் செடி என்றால் என்னிடம்தான் வருவார்கள். மல்லிகை மொட்டில் புழு, செம்பருத்தியில் மாவுப்பூச்சி, முன்பு குடியிருந்தவர்கள் வைத்துவிட்டுப் போன ஏதோ ஒரு பூ, எதுவானாலும் என் வாட்ஸ்அப்புக்குப் படம் வந்துவிடும். அந்த மரியாதை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி சொல்லப்போவது எல்லாம் அந்த ஆசையிலிருந்து வந்தவை.

பின் தெருவில் பழைய வீடு ஒன்றை வாங்கிக் குடிவந்த பெண் ஒரு நாள் படம் அனுப்பினாள். உள்ளங்கையில் ஒற்றைப் பூ. புனல் வடிவம், ஐந்து இதழ், சந்தனத்தில் கொஞ்சம் ஆரஞ்சு கலந்த நிறம். "அக்கா, மதிலோரம் பெருசா வளந்து நிக்குது. இது என்ன பூக்கா? கீழ விழுறதை எல்லாம் பாப்பா பொறுக்கி வெச்சு விளையாடுறா." அந்தச் செய்தியில் ஒரு பூவும் இருந்தது, ஒரு குழந்தையும் இருந்தது. நான் பூவை மட்டும் பார்த்தேன்.

அதற்குச் சற்று முன்புதான் ஒரு நர்சரியில் இதே சாயல் நிறத்தில் அலமண்டா ஒன்றைப் பார்த்து ரசித்துவிட்டு வந்திருந்தேன். அது மனதில் பசுமையாக இருந்தது. படத்தைப் பெரிதாக்கிக்கூடப் பார்க்காமல் பதில் போட்டேன்: "அலமண்டாம்மா. புது ரகம். ஒண்ணும் செய்யாது, தாராளமா விளையாடட்டும்." உடனே கைகூப்பும் படங்கள் வரிசையாக வந்தன. எனக்கு நிறைவாக இருந்தது.

அது அலமண்டா இல்லை. மஞ்சள் அரளியின் ஆரஞ்சு வகை. மஞ்சளாகப் பூத்திருந்தால் எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். சிவன் கோயிலுக்குப் பூக்கூடையில் போகிற பூ. அதே செடியில் இந்தச் சந்தன ஆரஞ்சிலும் வெள்ளையிலும் பூக்கிற வகைகள் உண்டு. அவற்றை நானும் பார்த்திருக்கிறேன். ஆகவே தெரியாத பூவுக்குத் தவறாகப் பெயர் சொல்லிவிட்டேன் என்று ஆறுதல் பட்டுக்கொள்ளவும் எனக்கு வழியில்லை. தெரிந்த பூவைப் பார்க்காமல் சொன்னேன்.

குழம்புவதற்கு இடமுள்ள பூக்கள்தான் இவை. அரளிக் குடும்பம் பெரியது. நித்தியகல்யாணி, நந்தியாவட்டை, செவ்வரளி, அலமண்டா, மஞ்சள் அரளி எல்லாம் அதில் அடக்கம். இவற்றின் இதழ்கள் மொட்டில் ஒன்றையொன்று தழுவி ஒரே பக்கமாகச் சுருண்டிருக்கும். தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் வெளியிட்ட நூலில் பெரும்பாலும் மகரந்தத் தாள்களை எண்ணிச் செடிகளை 24 வகுப்புகளாகப் பிரித்தார். அந்தக் கணக்கில் பார்த்தாலும் அலமண்டாவும் மஞ்சள் அரளியும் ஐந்து தாள் கொண்ட ஒரே வகுப்பில்தான் போய் விழும். ஆனால் நின்று பார்க்கிறவர்களுக்குப் பூவிலேயே வேறுபாடு தெரியும். அலமண்டாவின் இதழ்கள் முழுதாக விரிந்து தட்டையாகிவிடும். மஞ்சள் அரளி எவ்வளவு மலர்ந்தாலும் வாய் அகலாது. இதழ்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிச் சுருண்டபடியே நிற்கும், உதிர்வதும் அப்படியே. அவள் அனுப்பிய படத்தில் பூ சுருண்டுதான் இருந்தது. பறித்து நேரமாகியிருக்கும், வாடியிருக்கும் என்று அதற்கு ஒரு காரணத்தை நானே கற்பித்துக்கொண்டேன்.

"இலையோட ஒரு படம் அனுப்பும்மா" என்று ஒரு வரி கேட்டிருந்தால் அந்தக் காரணத்துக்கே இடம் இருந்திருக்காது. அலமண்டாவின் இலை அகலமானது, ஒரு கணுவில் மூன்று நான்கு சேர்ந்து தண்டைச் சுற்றி வட்டமாக அமைந்திருக்கும். மஞ்சள் அரளியின் இலை ஏறக்குறைய ஒரு சாண் நீளம் போகும், அகலமோ விரலளவுதான். பளபளப்பாக, நடுநரம்பு மட்டும் தெளிவாகத் தெரிய, கணுவுக்கு ஒன்றாகத் தண்டைச் சுற்றி ஏறும். செவ்வரளிக்கும் ஒடுங்கிய இலைதான், ஆனால் அது மும்மூன்றாக வரும். காய் இருந்தால் பேச்சே இல்லை. அலமண்டா நம் தோட்டங்களில் அபூர்வமாகத்தான் காய்க்கும், காய்த்தால் மேலெல்லாம் முள்ளாக இருக்கும். மஞ்சள் அரளியோ மழமழவென்று பச்சையாக, சற்றே முக்கோணமாக, நடுவில் ஒரு முகடு ஓடக் காய்த்துக் குலுங்கும், முற்றினால் கருக்கும். இதே போல மஞ்சளில் புனலாகப் பூக்கிற டெக்கோமாவையும் சிலர் இவற்றோடு சேர்த்துக் குழப்பிக்கொள்வார்கள். அதன் இலை ஓரம் பல் வெட்டியது, வேப்பிலை போல ஒரே காம்பில் பல சிற்றிலையாகப் பிரிந்தது. கிள்ளினால் பாலும் வராது. இவ்வளவும் எனக்குத் தெரியும். எத்தனையோ பேருக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

இதே திருச்சியில், புனித வளனார் கல்லூரியில், ராபினட் ஹெர்பேரியம் என்ற உலர்தாவரக் காப்பகம் இருக்கிறது. அருட்தந்தை கே.எம்.மேத்யூ 1967இல் தொடங்கியது. தமிழ்நாட்டுத் தாவரங்களைப் பல தொகுதிகளாக எழுதி வைத்துவிட்டுப் போனவர் அவர். இப்படிப்பட்ட இடங்களில் ஒரு செடியைச் சேர்க்க வேண்டுமென்றால் பூவை மட்டும் கொண்டுபோனால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இலையுள்ள கிளை வேண்டும், பூவும் இயன்றால் காயும் அதிலேயே இருக்க வேண்டும். காய்ந்த பிறகு மறைந்துபோகிறவற்றை, அதாவது பூவின் நிறம், மணம், பால் வந்ததா, செடி எவ்வளவு உயரம், எங்கே நின்றது, என்றைக்கு எடுத்தது என்பதையெல்லாம் தாளில் எழுதி ஒட்ட வேண்டும். வாழ்நாளெல்லாம் தாவரங்களோடு இருந்தவர்களே இத்தனையும் பார்த்த பிறகுதான் பெயர் எழுதினார்கள். நான் ஒரு பூவைப் பார்த்துப் பெயர் சொன்னதோடு, அது தீங்கில்லாதது என்று உத்தரவாதமும் கொடுத்தேன். அலமண்டாவாகவே இருந்திருந்தாலும் அந்த உத்தரவாதம் பொய்தான். அதன் பாலும் தோலை அரிக்கும், வயிற்றுக்குள் போனால் பேதியாகும்.

பள்ளியில் குறிஞ்சிப்பாட்டின் 99 பூக்களையும் மூச்சுவிடாமல் ஒப்பித்துப் பரிசு வாங்கியவள் நான். பெயர் சொல்வதையே அறிவென்று நினைக்கும் பழக்கம் அப்போதே ஒட்டிக்கொண்டது என்று இப்போது தோன்றுகிறது.

நவராத்திரிக்குக் கொலு பார்க்க அழைத்திருந்தாள். கேட்டைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது. மதிலுக்கு மேல் ஓர் ஆள் உயரம் எழும்பி நின்ற மரம். மெல்லிய நீண்ட இலைகள். கிளைக்குக் கிளை பச்சைக் காய். திண்ணையில் அவள் மகள் சொப்புச் சாமான்களைப் பரப்பியிருந்தாள். இட்டலிப் பானையில் அந்தக் காய்களை அடுக்கி மூடிவைத்து, "ஆன்ட்டி, கொழுக்கட்டை வேகுது" என்றாள். எனக்குக் கை கால் ஓடவில்லை. குனிந்து காய்களையெல்லாம் பொறுக்கி என் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, வாயில் வைத்தாயா என்று கேட்டேன். வைக்கவில்லை என்றாள். வேலைக்காரப் பெண்ணும் அப்படியே சொன்னாள். குழந்தையின் கையைச் சோப்பு போட்டு நானே கழுவிவிட்டேன்.

இங்கே நான் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். "அம்மா, நான் அன்னைக்குத் தப்பாச் சொல்லிட்டேன், இது அரளி, விஷம்." சொல்லவில்லை. அவள் மாமியாரும் கொலுவுக்கு வந்த வேறு பெண்களும் கூடத்தில் இருந்தார்கள். அவர்களிடம் அவள், "செடின்னா அக்காதான், கண்ணை மூடிக்கிட்டுச் சொல்வாங்க" என்று என்னை அறிமுகம் செய்துகொண்டிருந்தாள். நான் சொன்னது இது: "இந்த மரம் வேர் விட்டு மதிலைப் பிளந்துடும்மா. காய்ல பூச்சி வேற அடையுது. சீக்கிரம் வெட்டிடு." அவள் முகம் வாடிவிட்டது. அந்த வீட்டுக்கு வந்த பிறகு அவளுக்கு முதலில் பிடித்துப்போன விஷயம் அந்தப் பூக்கள்தான். ஆனாலும் நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அந்த வாரமே ஆள் வைத்து வெட்டினாள்.

குழந்தையைக் காப்பாற்றிவிட்டேன், இனி உண்மையைச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். அந்தச் சமாதானம் எவ்வளவு பொய் என்பது எனக்கே தெரியும். மரம் வெட்டியவர் வெறுங்கையோடு வெட்டினார். பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. வெட்டிய கிளைகளைத் தெருமுனையில் போட்டார்கள். ஆடு மாடு திரிகிற இடம். எச்சரிக்க வேண்டிய ஒருத்தி எச்சரித்தால் தன் பிழை வெளியே வந்துவிடும் என்று வீட்டுக்குள் இருந்துகொண்டாள்.

மஞ்சள் அரளியின் நஞ்சு இதயத்தைத் தாக்குவது. மரத்தின் எல்லாப் பாகத்திலும் உண்டு, விதையில் அதிகம். டிஜிடாலிஸ் என்ற பழைய இதய மருந்தைப் போலவே இதயத்தின் தசை அணுக்களில் சோடியம், பொட்டாசியம் போக்குவரத்தைக் குலைத்து, துடிப்பை மந்தமாக்கும், தாறுமாறாக்கும். வாந்தி முதலில் வரலாம். இதயக் கோளாறு பிறகு வரலாம். அதனால் பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறது என்று வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. கடித்தது போலச் சந்தேகம் இருந்தாலே இசிஜி வசதியுள்ள மருத்துவமனைக்கு ஓட வேண்டும், கையில் அந்தச் செடியின் கிளையோடு. இலங்கையில் மஞ்சள் அரளி விதை நஞ்சு நெடுங்காலமாக மருத்துவமனைகளை அலைக்கழித்த பிரச்சினை. டிஜிடாலிஸ் வகை மருந்தான டிஜாக்ஸினுக்கு எதிரான எதிர்ப்புரதம் இதற்கும் வேலை செய்கிறது என்று அங்கே சோதித்துக் கண்ட ஆய்வு 2000இல் லான்செட் இதழில் வந்தது.

என்னை இரவில் எழுப்பி உட்கார வைப்பது இந்த இடம்தான். அந்தக் குழந்தை ஒரு காயைக் கடித்திருந்தால், தாய் மருத்துவரிடம் என்ன சொல்லியிருப்பாள்? "அலமண்டா காய், டாக்டர். ஒண்ணும் செய்யாதுன்னு சொன்னாங்க." மருத்துவரும் வயிற்றுக்கு மருந்து கொடுத்து அனுப்பியிருக்கக்கூடும். நான் பேசாமல் இருந்திருந்தால் அவளுக்கு அது பெயர் தெரியாத பூவாகவே இருந்திருக்கும். பெயர் தெரியாத பூவிடம் தாய்மார்கள் எச்சரிக்கையாகத்தான் இருப்பார்கள். படம் எடுத்து அனுப்பிக் கேட்டதே அந்த எச்சரிக்கையால்தான். அவளிடம் இயல்பாக இருந்த அந்தப் பயத்தை நான் பிடுங்கி எறிந்தேன்.

"தெரியலைம்மா" என்று சொல்ல எனக்கு வராது. படம் வந்தவுடன் பெயர் சொல்லாவிட்டால் அடுத்த படம் வேறு யாருக்காவது போய்விடும் என்ற பயம் எனக்குள் எப்போதும் இருந்திருக்கிறது. பணி ஓய்வுக்குப் பிறகு என்னைத் தேடி வருகிறவர்கள் இந்தச் செடிக்காரர்கள்தான். அதை இழக்க மனமில்லை. இது காரணம், சமாதானமாக இதைச் சொல்லவில்லை. இன்று பிளான்ட்நெட் போன்ற செயலிகூடப் பெயர் சொல்வதற்கு முன் இது இலையா, பூவா, காயா, பட்டையா என்று கேட்கிறது. நான் எதையும் கேட்கவில்லை.

இதை மூடியே வைத்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன், தைப்பொங்கலன்று அவள் வாழ்த்துச் சொல்லப் பேசியிராவிட்டால். பேச்சுவாக்கில், "அக்கா, மரம் போனது எனக்கு மனசே ஆறலை. அடியில முளைச்சிருந்த கன்னு ரெண்டைக் காரைக்குடிக்கு நாத்தனார் வீட்டுக்குக் குடுத்து விட்டேன். அவங்ககிட்டேயும் சொல்லிட்டேன், அலமண்டா, அக்கா சொன்னாங்க, பிள்ளைங்க இருக்கற வீட்டுக்குப் பயமில்லைன்னு" என்றாள்.

நான் சொன்ன பொய்ப் பெயர் என் பெயரோடு சேர்ந்து இன்னொரு ஊரில் வேர் பிடித்திருந்தது. அப்போதும் உடனே வாய் வரவில்லை. சரிம்மா என்று போனை வைத்தேன். அன்று பொங்கல் வைத்தும் தொண்டையில் இறங்கவில்லை. மாலையில் நானே கூப்பிட்டேன். அது அரளி என்றேன். அன்று இலையைக் கேட்காமல் சொன்னேன் என்றேன். கொலுவன்று உண்மை தெரிந்தும், மதிலையும் பூச்சியையும் சொல்லி மறைத்தேன் என்றேன். கன்றுகளைக் கையுறை போட்டு வேரோடு பிடுங்க வேண்டும், ஆடு மாடு வாய் வைக்காத இடத்தில் புதைக்க வேண்டும் என்பதையும் சொன்னேன்.

அவள் திட்டவில்லை. "கொலுவன்னைக்கேவா தெரியும் உங்களுக்கு?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். "அங்க ரெண்டும் சின்னப் பிள்ளைங்கக்கா, நான் முதல்ல அவங்களுக்குப் பேசுறேன்" என்று வைத்துவிட்டாள். கன்றுகளைப் பிடுங்கியாயிற்று என்று மறுநாள் ஒரு வரி அனுப்பினாள். அதன் பிறகு அவளிடமிருந்து எந்தப் பூவின் படமும் வரவில்லை.